நாடகங்களில் உடற்குறையுடையோரும் ஏழை எளியோரும்

(சென்னைக்கு வந்திருந்த பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்குமிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விதை, உரம், கால்வாய், கடன் சங்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்குத் தகுந்தவர்கள் இங்கே பலர் இருக்க, நாடகத்தைப் பற்றிப் பேச ஒருவனை ஏன் நிறுத்தினார்கள் என்று தாங்கள் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் தங்கள் ஊரில் ஒரு கூட்டம் கூட்டிப் பாருங்கள். ஆள் சேருவது கடினம். அந்நேரத்தில் வீட்டிற்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பம் அமர்ந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் நம் மாநிலத்தில் வழங்கப்பட்டன. கூரை வீட்டிலும் அது இடம்பெற்றது. எந்த உபதேசியாரும், எந்த அரசாங்க உத்தியோகஸ்தரும் நுழையாத நேரத்தில், நுழையாத அறையில், நாடகம் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. மனிதரில் யார் உயர்ந்தவர், யார் இளப்பமானவர், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாருக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதை அது நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், அந்நாடகங்கள் உடற்குறையுடையவர்களையும் ஏழைகளையும் எவ்வாறு காட்டுகின்றன என்பது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வசிக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அன்று எட்டு வகைக் குறைபாடுகளே கணக்கில் எடுக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே உண்மைத் தொகை இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆக, இம்மக்களிற் பெரும்பாலோர் தங்களுடைய வார்டிலும் தங்களுடைய தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய நாடகங்களோ பெரும்பாலும் சென்னை நகரத்தின் சில தெருக்களில் எழுதப்படுகின்றன. இந்தத் தூரத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் எப்படியிருந்தார்கள் என்று கேட்டால், இருவகையாகவும் இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற சங்கப் புலவரின் பெயரிலேயே அவருடைய உடற்குறை இருக்கிறது. ஆய் என்னும் வள்ளலை அவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஐயூர் முடவனார் என்று மற்றொரு புலவரும் உண்டு. பிற்காலத்து இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். கால் இல்லாதவரைக் கண் இல்லாதவர் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்ற கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் கூனியைப் பாருங்கள். தெருக்கூத்திலே அவள் வளைந்த முதுகுடன் வந்து நின்றாலே, வாய் திறக்குமுன் குழந்தைகளுக்கும் தெரிந்துவிடும், இவள் கெட்டவள் என்று. உடல் வளைந்தால் மனமும் வளைந்திருக்கும் என்ற கணக்கு மிகப் பழைய கணக்கு. அதைத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை, வாங்கிக்கொண்டார்கள்.

இனி, நகரத்து நாடகம் எங்கே பிறந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் என்று சொல்லப்படும் அமைப்புகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப், தியாகராய நகர் வாணி மகால் ஆகியவற்றின் பெயர்களைத் தாங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா செலுத்துவார்கள். சபா அவர்களுக்குக் கச்சேரியும் நாடகமும் ஏற்பாடு செய்யும். நாடகம் நடிப்பவர்களும் பெரும்பாலும் பகலில் அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வருபவர்கள். ஒரு சபாவில் நேற்று நடித்த நாடகத்தை மற்றொரு சபாவில் நாளை நடிக்க வேண்டும். காட்சிப் பொருள்களை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஆகவே ஒரே கூடம், ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு என்று கதை அந்தக் கூடத்துக்குள்ளேயே நடக்கும்படி எழுதினார்கள். பார்ப்பவர் நடுத்தர வகுப்பினர், நடிப்பவர் நடுத்தர வகுப்பினர், கதையும் நடுத்தர வகுப்பின் கூடத்திலே. இதிலே யார்மீதும் குற்றமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் சமையற்காரருக்கும் வேலைக்காரிக்கும் கிடைத்த வேலை என்ன? காபி கொண்டுவந்து வைப்பது, ஒரு நகைச்சுவை பேசுவது, உள்ளே போவது. கிராமத்திலிருந்து வருகிறவருக்கும் அதே கதிதான். தலைப்பாகையும் உரத்த குரலுமாக அவர் உள்ளே நுழையும்போதே அரங்கில் சிரிப்பு எழும்.

இந்த எல்லைக்குள் இருந்துகொண்டே அதைச் சற்று விரித்தவர் ஒருவர் உண்டு. நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்து, சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தர் அவர்கள். அவருடைய ‘மேஜர் சந்திரகாந்த்’ முதலில் மேடை நாடகம், 1966இல் திரைப்படமாயிற்று. அதன் நாயகர் பார்வையிழந்த, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. அந்தப் பாத்திரத்தில் நடித்த சுந்தரராஜன் அவர்களுக்கு ‘மேஜர்’ என்பது வாழ்நாள் முழுவதும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கதை இதுதான். ஓர் ஏழைத் தையற்காரனுடைய தங்கையைப் பணக்கார இளைஞன் ஒருவன் ஏமாற்றுகிறான். அவள் உயிர் துறக்கிறாள். தையற்காரன் அவனைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடி, ஒரு வீட்டில் தஞ்சம் புகுகிறான். அது பார்வையற்ற மேஜரின் வீடு. கொல்லப்பட்டவன் மேஜரின் சொந்த மகன். குற்றவாளியைத் தேடி வரும் போலீஸ் அதிகாரி மேஜரின் மற்றொரு மகன்.

இந்நாடகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பார்வையற்ற ஒருவர் இங்கே பிச்சை கேட்கவில்லை, அழவில்லை, கட்டளையிடுகிறார், நியாயம் பேசுகிறார், தவறும் செய்கிறார். ஒரு முழு மனிதராக நிற்கிறார். கதை முடிவில் அற்புதம் நிகழ்ந்து அவருக்குப் பார்வை வந்துவிடுவதும் இல்லை. ஆயினும் ஒரு கேள்வியைத் தங்கள்முன் வைக்கிறேன். அந்த மரியாதை அவருக்கு எதனால் வந்தது? அவருடைய ராணுவப் பதவியால், சொந்த வீட்டால், ஓய்வூதியத்தால் வந்தது. இப்போது பாத்திரங்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பார்வையிழந்தவர் அந்தத் தையற்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவரை நாயகராக வைத்து, அதே கம்பீரத்துடன், அக்காலத்துச் சபா மேடையில் ஒரு நாடகம் எழுதப்பட்டிருக்குமா? எழுதப்பட்டிருக்காது என்றே எண்ணுகிறேன். பார்வையற்ற ஏழைக்கு நாடகத்திலும் சினிமாவிலும் ஒதுக்கப்பட்ட இடம் கோயில் வாசல். கையில் ஒரு தட்டு. வாயில் ஒரு பாட்டு. உடற்குறையும் ஏழ்மையும் சேர்ந்து வரும்போது ஒன்றை மற்றொன்று எப்படி அழுத்துகிறது என்பதை இதனால் உணரலாம்.

ஏழ்மையைத் தனியே எடுத்துக்கொண்டால், அதே ஆசிரியர் ‘சர்வர் சுந்தரம்’ நாடகத்தில் ஓட்டல் சர்வர் ஒருவரை நாயகராக்கினார். அது 1964இல் திரைப்படமாக வந்தது. ‘எதிர்நீச்சல்’ 1968இல் வந்தது. பல குடும்பங்கள் குடியிருக்கும் ஒரு வீட்டின் மாடிப்படிக்கடியில் வசித்து, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, கிடைத்ததை உண்டு படிக்கும் மாது என்ற அநாதை இளைஞனின் கதை அது. இரண்டிலும் நாகேஷ் நடித்தார். அந்த வீட்டுக்காரர்கள் அவனிடம் வேலை வாங்கும் விதத்தையும், அவன்மேல் அன்பு காட்டுவதுபோலவே அவனைச் சுரண்டுவதையும் நடுத்தர வகுப்பினரைக் கொண்டே பார்க்கச் செய்ததுதான் அந்நாடகத்தின் துணிவு. தம்மைத் தாமே பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சிலராவது மௌனமாகியிருப்பார்கள்.

கிராமத்தைப் பற்றிய கதைகளுக்கு வருவோம். 1959இல் பீம்சிங் அவர்கள் இயக்கிய ‘பாகப்பிரிவினை’யைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கையும் காலும் விளங்காத கண்ணையனாக சிவாஜி கணேசன் நடித்தார். வீட்டின் பாடுகளையெல்லாம் சுமக்கிற உழைப்பாளி அவன். குடும்பம் பிரியும்போது வரும் வேதனை விவசாயக் குடும்பங்கள் நன்கறிந்த வேதனை. ஆனால் கதை முடிவதற்குள் அவனுடைய கையும் காலும் குணமாகிவிடுகின்றன. மக்கள் மகிழ்ந்து கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் குறை கூறவில்லை. எனினும், குணமாகாமலே நாற்பது ஆண்டுகள் வாழப்போகிற ஒருவர் அதே கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தால், அவருக்கு அந்தக் கதை என்ன சொல்லியிருக்கும்? நல்லவனாயிருந்தால் குணமாகும் என்று சொல்லியிருக்கும். தமக்குக் குணமாகாததற்குத் தாமே காரணமோ என்று அவர் எண்ணியிருக்கவும் கூடும்.

இதற்கு நேர்மாறாக, 1977இல் பாரதிராஜா எடுத்த ‘16 வயதினிலே’ படத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கால் இழுத்து நடக்கும் ஏழை இளைஞனை ஊரே ‘சப்பாணி’ என்று அழைக்கிறது. அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. மயிலு என்ற பெண்தான் அந்தப் பெயரை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். இனிமேல் சப்பாணி என்று கூப்பிடுகிறவனைக் கன்னத்தில் அறைந்துவிடு என்கிறாள். படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியில் உற்சாகமடைந்தார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், படம் பார்த்துவிட்டு வந்த ஊர்களில் நடக்க இயலாத இளைஞர்களுக்குச் சப்பாணி என்ற பட்டப்பெயர்தான் நிலைத்தது, கோபாலகிருஷ்ணன் நிலைக்கவில்லை. நாடகம் சொன்னதை நாம் பாதிதான் கேட்டோம். ஆகவே குற்றம் முழுவதையும் எழுதுகிறவர் தலையில் சுமத்துவது முறையாகாது.

கோமல் சுவாமிநாதன் அவர்களின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். 1980இல் சென்னைச் சபா மேடைகளில் நடந்தது. அடுத்த ஆண்டு பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். திருநெல்வேலிச் சீமையில் அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம். ஊர் மக்களே கூடி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவர முயல்கிறார்கள்; அதற்குத் தடை வருகிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் மயிலாப்பூர்வாசிகள் இரண்டரை மணி நேரம் அமர்ந்து ஒரு குடம் தண்ணீருக்காக ஏங்கும் மக்களின் பேச்சைக் கேட்டார்கள். அந்நாடகத்தில் கிராமத்தார் கேலிப் பொருள் அல்லர். அவர்கள் வாதம் செய்கிறார்கள், தம்முள் சண்டையிடுகிறார்கள், கூடி முடிவெடுக்கிறார்கள், ஏமாறவும் செய்கிறார்கள். கிராமசபை நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. சபா மேடைக்குத்தான் அது புதிது. அதற்குப் பின்னர் அதைப்போல் எத்தனை நாடகங்கள் வந்தன என்று கேட்டால், விரல்விட்டு எண்ண வேண்டியதுதான்.

1975 ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. நாடகம் ஒளிபரப்ப வேண்டும். புதிதாகக் குழு சேர்க்க நேரமில்லை. சபாக் குழுக்களோ தயாராக இருந்தன. ஆகவே அந்தக் கூடமும் சோபாவும் டெலிபோனும் அப்படியே பெட்டிக்குள் சென்றன. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின், வாரத்துக்கொன்றாக இருந்த நாடகம் நாள்தோறும் வரலாயிற்று. ‘சித்தி’ 1999இல் தொடங்கியது. ‘மெட்டி ஒலி’ 2002இல் தொடங்கியது. ‘மெட்டி ஒலி’ ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு தகப்பனாரின் கதை. எளிய குடும்பத்தின் வரதட்சிணைக் கவலையை அது ஓரளவு உண்மையாகவே காட்டியது. ஆகையால் ஊர் ஊராக அதைப் பார்த்து அழுதார்கள். ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை 1,500க்கு மேற்பட்ட நாட்கள் ஓடியது.

இங்கே தொழில்முறையைச் சற்று விளக்க வேண்டும். நாள்தோறும் ஒரு தவணை ஒளிபரப்பாக வேண்டுமானால், நாள்தோறும் ஓர் இடையூறு கதையில் வேண்டும். உழவருக்குக் களை எடுக்கும் வேலை தீராததுபோல, தொடர் எழுதுகிறவருக்கு இடையூறு தேடும் வேலை தீராது. கல்யாணம் நிற்கும், கடிதம் மாறும், விபத்து நேரும். விபத்து நேர்ந்தால் சக்கர நாற்காலி வரும். அது சில வாரங்களுக்குப் பயன்படும். பின்னர் ஒருநாள், வில்லி மாடிப்படியில் குழந்தையைத் தள்ளப்போகும் சமயத்தில், நாற்காலியில் இருந்தவர் திடுமென எழுந்து ஓடிக் காப்பாற்றுவார். அன்றைக்கு விளம்பரமும் அதிகம். சில கதைகளில் வில்லனே நடக்க முடியாதவன்போல் பாசாங்கு செய்து எல்லாரையும் ஏமாற்றுவான். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வரும் உண்மையான ஒருவரை நம்மவர்கள் சந்தேகக் கண்ணுடன் பார்ப்பதற்கு இத்தகைய காட்சிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பாவம் செய்தவருக்குக் கடைசித் தவணையில் கண் போவதும், வாய் கோணிப்போவதும் இன்னொரு வழக்கம். இதனால் என்ன ஆகிறது? உடற்குறை என்பது கதையில் ஒரு தண்டனையாகவோ, ஒரு பாசாங்காகவோ, கழன்றுவிடும் ஒரு கட்டாகவோ வந்து போகிறது. ஒரு மனிதருடைய அன்றாட வாழ்வாக அது வருவதேயில்லை.

மேலும், அந்தச் சக்கர நாற்காலி எங்கே ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பளிங்குத் தரையில் ஓடுகிறது. நெடுந்தொடர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் அகன்ற கூடமுள்ள பங்களாக்களில் வசிக்கின்றன. காமிராவும் விளக்குகளும் வைக்க இடம் வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். பார்ப்பவர்கள் செல்வத்தைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று தயாரிப்பவர்கள் நம்புவது மற்றொரு காரணம். பங்களாவில் நாற்காலியைத் தள்ள ஒரு வேலைக்காரரும் இருப்பார். அவருக்குப் பெயர்கூட இருக்காது. நம் ஊரிலோ நாற்காலியின் சக்கரம் முதலில் தெரு மணலில் புதையும். அடுத்து ரேஷன் கடைப் படியில் நிற்கும். பிறகு பஞ்சாயத்து அலுவலகப் படியில் நிற்கும். எந்த நாடகத்தில் ரேஷன் கடைப் படியைக் காட்டினார்கள்? உடற்குறையால் வரும் கஷ்டத்தில் பெரும்பங்கு உடம்பில் இல்லை, படியில் இருக்கிறது. பளிங்குத் தரைக் கதைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எப்படிப் புலப்படும்? காலில் பட்டும் பிள்ளையின் தலைவிதி என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறோம்.

இத்தனைக்கும் எழுதுகிறவர்களுக்கு உண்மை தொலைவில் இல்லை. சன் தொலைக்காட்சியின் தலைமையகம் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் இருக்கிறது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் அடையாறு. காது கேளாத சிறு குழந்தைகளுக்கு இளம் பிராயத்திலேயே பேசக் கற்பிக்கும் பால வித்யாலயா 1969இல் தொடங்கப்பட்ட பள்ளி. அது அடையாற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. உடற்குறையுடையோரின் வேலைவாய்ப்புக்காகவும் உரிமைக்காகவும் 1995இல் ஏற்பட்ட எபிலிட்டி பவுண்டேஷன் அடையாற்றில் இயங்கும் அமைப்பு; இப்பொருள் பற்றிய திரைப்பட விழாக்களையே அது நடத்தியிருக்கிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளி சபாக்கள் நிறைந்த மயிலாப்பூரிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மைல் சுற்றளவுக்குள் கதை எழுதுகிறவரும் இருக்கிறார், கதைக்கு உரியவரும் இருக்கிறார். சந்திப்பதுதான் அரிதாக இருக்கிறது. சந்தித்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2007இல் ராதாமோகன் இயக்கிய ‘மொழி’ திரைப்படம் சான்று. அதன் நாயகி காது கேளாத, வாய் பேசாத பெண். அவள் உழைத்து வாழ்கிறாள், கோபிக்கிறாள், கேலி செய்கிறாள். பரிதாபத்தைப் பெற்றுக்கொள்ள மறுக்கிறாள். கடைசியில் அவளுக்குப் பேச்சு வருவதில்லை. வர வேண்டும் என்று பார்ப்பவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் அவளும் நகரத்தில் நல்ல குடியிருப்பில் வசிக்கும் பெண்தான். வயல் வேலைக்குப் போகும் காது கேளாத பெண்ணைப் பற்றிய கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்பதையும் தாங்கள் அறிந்திருத்தல் நலம். 2024 ஜூலை 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஓர் இந்தித் திரைப்படம் உடற்குறையுடையவர்களை இழிவாகக் காட்டுவதாக நிபுன் மல்ஹோத்ரா என்பவர் தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் நகைச்சுவையைத் தடை செய்யவில்லை. உடற்குறையைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, உடற்குறையுடையவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று பகுத்துக் காட்டினார்கள். இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்றும், குறைகளை மட்டுமின்றி அவர்களுடைய வெற்றிகளையும் திறமைகளையும் சமுதாயத்துக்கு அவர்கள் ஆற்றும் பணியையும் காட்ட வேண்டும் என்றும், அதே சமயம் அவர்களை அற்புதப் பிறவிகளாகவும் ஆக்கிவிடக் கூடாது என்றும், அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவர்களைப் பற்றி எழுதலாகாது என்றும் நெறிகள் கூறினார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பொதுமக்கள் பார்வையில் உடற்குறையுடைய ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பவர்கள் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள்.

“நாடகம்தானே, இதற்கு இவ்வளவா?” என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நாடகம் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் நாம் நேரில் அறியாத விஷயத்தில் நாடகம் நமக்கு அறிவாகிவிடுகிறது. கரும்புக்கு எத்தனை தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று நாடகத்தில் தவறாகச் சொன்னால், தாங்கள் சிரித்துவிடுவீர்கள், தங்களுக்குத் தெரியும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு அறிவு இருக்காது என்று தவறாகக் காட்டினால் யார் சிரிப்பார்கள்? அப்படியே நம்பி, அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் திண்ணையில் கட்டிப்போட்ட வீடுகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றன. திருமணப் பேச்சில், பெண்ணின் தம்பிக்குக் காது கேளாது என்ற செய்தியை மறைத்துத் திண்டாடுவதும் இதே அச்சத்தால்தான்.

அரசாங்கத்தின் ஏடுகளில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் 2010இலிருந்து வழங்குகிறது. சொல் மாறியது நல்லதே. 2025இல் நம் சட்டமன்றம் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழி செய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. அப்படி ஒருவர் தங்கள் மன்றத்தில் வந்து அமரும்போது, அவரைப் பார்க்கும் கண் எது? பத்து ஆண்டுகளாகத் தொடர்களைப் பார்த்துப் பழகிய கண்தான். அவர் பேச எழுந்தால், பரிதாபத்தால் அமைதி காப்போமா, வாதத்துக்கு மறுவாதம் கூறுவோமா? மறுவாதம் கூறுவதே மரியாதை. உடற்குறையுடைய ஒருவருடன் நன்றாகச் சண்டை போட்டு, அவரைத் தோற்கடிக்கவும், அவரிடம் தோற்கவும் நாம் பழக வேண்டும். மேஜர் சந்திரகாந்திடம் எதிர்வாதம் செய்ய மேடையில் ஆள் இருந்தார்கள் அல்லவா?

தங்களால் இயன்ற சில காரியங்களைச் சொல்லி என் பேச்சை முடிக்கிறேன். மையல் தீராத தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் வீட்டில் நடக்காது. ஆனால் தங்கள் ஊரில் திருவிழா நாடகம் இன்னும் நடக்கிறது. அதற்கு வரிவசூல் செய்கிறவர்களும் முன்வரிசையில் அமர்கிறவர்களும் தாங்களே. நாடக ஆசிரியர் கதை சொல்ல வரும்போது, திக்கிப் பேசுகிறவரையும் காது மந்தமானவரையும் வைத்துச் சிரிக்கவைக்கும் காட்சி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், ஊரில் அத்தகையவர் ஒருவரை அழைத்து, ஒத்திகையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் காட்சி இருக்கட்டும். அவர் முகம் சுருங்கினால் எடுத்துவிடுங்கள், நாடகம் கெட்டுப்போகாது. முடிந்தால் அவருக்கே ஒரு வேடம் கொடுங்கள். அந்த வேடம் உடற்குறையுள்ள பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; ராஜா வேடமே கொடுக்கலாம்.

காது கேளாதவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ளும் பொருட்டு எழுத்து வரிகளும் சைகை மொழியும் சேர்ப்பதற்கான நெறிமுறைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. நமது வீடுகளில் ஓடும் தமிழ்த் தொடர்களில் அவை இருக்கின்றனவா என்று இன்றிரவு பாருங்கள். இல்லையென்றால் கிராமசபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அமைச்சகத்துக்கும் அந்த அலைவரிசைக்கும் அனுப்பலாம். ஓர் ஊரிலிருந்து வரும் கடிதத்தை ஒதுக்கலாம், நூறு ஊர்களிலிருந்து வந்தால் ஒதுக்குவது கடினம்.

நாடகம் நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் கட்டடங்களையெல்லாம் உடற்குறையுடையவர்கள் ஏறி இறங்கத்தக்கதாக மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டு தவணை கொடுத்தது. விதிகள் வந்தது 2017, தவணை முடிந்துவிட்டது. சமுதாயக் கூடத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் சாய்தளம் அமைக்கும்போது ஒரு கணக்கை மட்டும் கொத்தனாரிடம் திட்டமாகச் சொல்லிவிடுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல ஊர்களில் இரண்டடித் திண்ணைக்கு ஆறடியில் சரிவு கட்டி வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டு வண்டிகூட ஏறாது. கூடத்தின் மேடை மூன்றடி உயரமென்றால் சாய்தளம் முப்பத்தாறு அடி வர வேண்டும். அவ்வளவு இடம் நேராக இல்லையென்றால், நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க மறக்க வேண்டாம். பார்ப்பவர் வரிசைக்கு மட்டும் வழி செய்துவிட்டு மேடைக்குப் படி கட்டிவிடாதீர்கள். ராஜா வேடம் போட்டவர் மேடைக்கு ஏற வேண்டும்.